சக்கரத்துக்கு ஒரு கல்

முன்னால் இன்னும் ஐந்து வண்டிகள் நின்றன. அந்த ஐந்தும் போவதற்குள் அல்போன்ஸின் கழுத்தை நெரித்துவிடுவோமோ என்று பிலோமினாவுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. கூடப் பிறந்த தம்பி. முப்பத்தேழு வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், குன்னூரில் பதினாறு வருஷமாக டாக்சி ஓட்டுகிறவன். ஆனாலும் நெரிக்கத்தான் தோன்றியது. வரிசை ஒரு வண்டி நீளம் நகரும், அவளும் நகர்த்தி நிறுத்துவாள், ஹேண்ட்பிரேக்கை இழுப்பாள், கரகரவென்று ஏழு பல் ஏறி வண்டி அசையாமல் நிற்கும். நின்ற வண்டிக்கு இவன் அந்தக் கருங்கல்லை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, இடது முன்சக்கரத்துக்கு முன்னால் வைத்து, ஷூ காலால் ஓர் உதை உதைத்து இறுக்கிவிட்டு, நிமிர்ந்து அவளைப் பார்த்துத் தலையாட்டுவான். ரோடு இறக்கம், அது யாருக்குத் தெரியாது, மலையில் எந்த ரோடு இறக்கமில்லை? ஆர்டிஓ ஆபீசுக்குப் பின்னால் மைதானத்துக்கு இறங்கும் இந்தத் தார் ரோட்டில் லைசென்ஸ் டெஸ்டுக்கு வந்த வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, எந்த வண்டிக்காவது கல் வைத்திருக்கிறதா? ஊருக்குள் எல்லோரும் கல் வைப்பார்கள்தான். வண்டியை நிறுத்திவிட்டு ஆள் இறங்கிப் போகும்போது வைப்பார்கள். ஆள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது எவனாவது வைப்பானா? அப்படியானால் உள்ளே ஆள் இல்லை என்றுதானே அர்த்தம்? நாற்பத்திரண்டு வயசுப் பொம்பளை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன், அது இவன் கண்ணுக்கு ஆளாகத் தெரியவில்லை. முன்வண்டியில் இருந்த பெண்பிள்ளை கண்ணாடி வழியே திரும்பித் திரும்பிப் பார்த்தது. பார் தாயி, நல்லாப் பார்.

மணி ஒன்பதரை. பிப்ரவரி பிறந்தும் பனி விடவில்லை, ரோட்டோரப் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது, வெயில் பட்ட இடம் மட்டும் ஈரமாகி ஆவி விட்டது. பிலோமினா வலது தொடையைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். குளிரில், காலைத் தாங்கக் கட்டியிருக்கும் காலிப்பரின் இரும்பு துணியைத் தாண்டிக் கடிக்கும். இரண்டு வயதில் காய்ச்சல் வந்து போன கால் அது, இடுப்புக்குக் கீழே கூடவே வரும், வேலை ஒன்றும் செய்யாது. இடது கால் ஒழுங்கான கால். ஒழுங்கான கால் ஒன்று இருப்பதை இந்த வீட்டில் ஒருத்தரும் கணக்கில் எடுத்ததில்லை. நான் இருக்கேன்லக்கா. அதுதான் அவன் சொல்வது. பன்னிரண்டு வருஷமாக அதையேதான் சொல்கிறான். தேயிலை ஏல ஆபீசில் மாதிரிப் பொட்டலங்களுக்குச் சீட்டு ஒட்டும் வேலை அவளுக்கு, காலையில் கொண்டுபோய் விடுவான், சாயங்காலம் ஐந்தரைக்குக் கூட்டிவருவான். ஐந்தரை என்றால் ஆறரை. சீசன் நாளில் ஏழு. டூரிஸ்ட் விட மாட்டேங்கறான்க்கா என்பான். அவள் வாட்ச்மேன் கூண்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள், வாட்ச்மேன் மரியாதைக்காக வெளியே நிற்பார், இரண்டு பேருக்கும் குளிரும். கோபித்துக்கொள்ளவும் முடியாது. வந்து நின்றதும் ஓடி வந்து கதவைத் திறப்பான், பையை வாங்குவான், காலைத் தூக்கி உள்ளே வைப்பான், இப்படிப்பட்ட தம்பி யாருக்குக் கிடைக்கும் என்று ஆபீசே சொல்லும். கிடைத்தவளுக்குத்தான் தெரியும். எங்கே போகணும்னு சொல்லு, நான் கொண்டுபோறேன். அதுதானே கஷ்டம், சொல்லணுமே. எங்கேயும் போகவேண்டாம் எனக்கு. ஏதாவது ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒரு பன்னைத் தின்றுவிட்டுத் திரும்பி வரணும். இதை எப்படிடா உன்கிட்டே சொல்வது? சொன்னால் நீ பன் வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவாய்.

நான்கு வண்டி. நகர்த்தினாள். கல் வந்தது. அவள் நேரே பார்த்தாள், அவன் தலையாட்டியதைப் பார்க்கவில்லை என்று காட்ட வேண்டியிருந்தது. அப்பாவின் வண்டி இது, பழைய மாருதி எண்ணூறு. அப்பா செத்து நாலு வருஷம் வீட்டுக்கு மேலே ரோட்டோரத்தில் தார்ப்பாய்க்குள் கிடந்தது, நாலு சக்கரத்துக்கும் நாலு கல். அல்போன்ஸ் விற்றுவிடலாம் என்றான். நவம்பர் மழை நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, விற்க வேண்டாம், நான் ஓட்டப்போகிறேன் என்று அவள் சொன்னதும் அவன் சிரிக்கவில்லை, சிரித்திருந்தாலும் பரவாயில்லை, முகம் வெளுத்துப் போய், எதுக்குக்கா, நான் இருக்கேன்ல என்றான். அன்றைக்கே அவள் கபூர் பாய்க்குப் போன் போட்டாள். பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக், அப்பா காலத்து ஆள், பேச்சுக் குறைவு, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. வந்தார், வண்டியைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார், காலைப் பார்த்த விதம் வண்டியைப் பார்த்த மாதிரியே இருந்தது, அது அவளுக்குப் பிடித்திருந்தது. எந்தக் கால் வேலை செய்யுதும்மா? இடது கால் பாய். அப்ப கிளட்ச் உங்களது, ஆக்சிலேட்டரும் பிரேக்கும் கைக்கு வரணும். அவ்வளவுதான். நாற்பது வருஷத்தில் அவளைப் பற்றி ஒருத்தர் பேசிய நியாயமான பேச்சு அது ஒன்றுதான்.

டிசம்பர் முழுக்க அந்தப் பட்டறையில்தான். சனிக்கிழமை அரைநாள், ஞாயிறு மத்தியானம். தகரக் கூரையில் உருகின பனி சொட்டும், அவள் ஒரு டயர்மேல் சாக்குப் போட்டு உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாள். முதலில் சீட். பூட்டின காலிப்பர் மடங்காது, நீட்டின கால் நீட்டினபடியே உள்ளே வரணும், அதனால் சீட் ஓடுகிற தண்டவாளத்தை மூன்று அங்குலம் பின்னால் தள்ளித் துளை போட்டு முறுக்கினார். வலது ஷூ தெரியாமல் பெடலில் விழக்கூடாது, அதற்கு ஒரு தகட்டுத் தடுப்பு. பின்சக்கரத்துக்குப் புது பிரேக் ஷூ, புதுக் கேபிள், ஹேண்ட்பிரேக் பிடிக்கு ஒரு சாண் நீளக் குழாய், இழுத்தால் மலையே நின்றுவிடும் என்றார். ஸ்டியரிங்கில் ஒரு கையால் சுற்றுவதற்குக் குமிழ், அது வீட்டு அலமாரிக் குமிழ்தான், அம்மாவின் அலமாரியிலிருந்து அவளே கழற்றிக்கொண்டு போனாள். ஜனவரியில் கைக்கம்பி. ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் ஓர் இரும்புக் கம்பி, கீழே இரண்டு கிளையாகப் பிரிந்து இரண்டு பெடலிலும் போய் மாட்டும். கபூர் பாய் இழுத்தால் பிரேக், தள்ளினால் ஆக்சிலேட்டர் என்று செய்து வைத்திருந்தார். அவள் மாற்றச் சொன்னாள். எதுக்கும்மா, இழுக்கறதுதானே சுலபம்? இல்லை பாய், பயந்தா நான் தள்ளுவேன். அவருக்கு விளங்கவில்லை. பயந்தா எனக்குக் கை முன்னாலதான் போகும், தள்ளினா நிக்கணும் என்றாள். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை, கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு வெல்டிங்கை அறுத்தார். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? பின்சீட்டில் உட்கார்ந்து முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு, நில்லு நில்லு என்று, வண்டி மட்டும் பின்னாலேயே, அதை விடு. அதை இப்போது நினைக்காதே. அல்போன்ஸ் என்ன செய்தான் அந்த மூன்று மாதம்? அதை நினை, அதை நினைத்தால் கோபமாவது வரும். புதுக் கேபிள் வாங்கிவாடா என்று அனுப்பினால் பனிவிளக்கு வாங்கிவந்தான். மூன்றாம் வாரம் பின்கண்ணாடிக்கு ஸ்டிக்கர், சக்கர நாற்காலிப் படம் போட்டு, அதன் கீழே ‘தள்ளி வரவும்’ என்று. நான் எப்போதுடா சக்கர நாற்காலியில் உட்கார்ந்தேன்? கத்தியால் சுரண்டி எடுத்தாள், பசை போகவில்லை, அந்தப் பசையில் இப்போதும் தூசி ஒட்டிச் சக்கர நாற்காலி மங்கலாகத் தெரிகிறது, கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்று வண்டி. கல் வந்தது. குனிந்தபோது அவன் உச்சந்தலை தெரிந்தது, வழுக்கை விழ ஆரம்பித்திருந்தது. அந்தத் தலை சக்கரத்தடியில் குனிவதை அவனுடைய ஆறு வயசிலிருந்து பார்க்கிறாள், அப்போது அவளுக்குப் பதினொன்று. இதே வண்டி. மலைமேல் மாதா கோயில் திருவிழா, ஏற்றத்தில் நிறுத்திவிட்டு அப்பாவும் அம்மாவும் மெழுகுதிரி வாங்கப் போனார்கள், பின்சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லிவிட்டு. அந்த வேலை எப்போதும் அல்போன்ஸுக்கு. ஹேண்ட்பிரேக் கேபிள் தளர்ந்து வருஷக்கணக்காயிற்று, அப்பா மாற்ற மாட்டார், கல் இருக்கிறதே. இவன் இறங்கினான். கல் தேடினான். பக்கத்திலேயே ஒன்று கிடந்தது, கொய்யாக்காய் அளவு, தூரத்தில் பெரிசு ஒன்று, தூக்க முடியாமல் தூக்கிப் பார்த்தான். அப்புறம். அப்புறம் என்ன, வண்டி உருண்டது. பின்சீட்டில் அவள் மட்டும். மரங்கள் தப்பான பக்கம் போயின. வேகம்கூட இல்லை, மெதுவாகத்தான் போயிற்று. ஜனங்கள் கத்தினார்கள், ஒரு பலூன்காரன் ஒதுங்கினான், அவள் முன்சீட்டைத் தள்ளிக்கொண்டே இருந்தாள், பத்துப் பதினைந்து கெஜம் போய் ஒரு சில்வர் ஓக் மரத்தில் முட்டி நின்றது. பின்பம்பரில் அந்தக் குழி இன்றைக்கும் இருக்கிறது, கபூர் பாய் எடுத்துத் தரவா என்றார், வேண்டாம் என்றுவிட்டாள். ஒரு கீறல்கூட இல்லை அவளுக்கு. அப்பா பெல்ட்டைக் கழற்றினார். ரோட்டில், திருவிழாக் கூட்டத்துக்கு நடுவில், ஆறு வயசுப் பிள்ளையை. அடி வாங்கும்போது அவன் காருக்குள் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஏன் பார்த்தான், இங்கேதான் ஒவ்வொரு தடவையும் மனசு திரும்பிக்கொள்ளும். முன்னால் வண்டி நகர்ந்துவிட்டது. நகர்த்து. கிளட்ச், கம்பியைத் தள்ளிப் பிடி, ஹேண்ட்பிரேக்கை இறக்கு, அவன் கல்லை எடுத்தானா? எடுத்தான். விடு. நகர். தள்ளு. நின்றது. அன்றைக்குச் சாயங்காலம் அப்பா சாப்பாட்டுமுன் சிலுவை போட்டுவிட்டுச் சொன்னார், இனிமே இவளை வண்டியில தனியா விடக் கூடாது. யாரும் ஏனென்று கேட்கவில்லை, அவளையும் கேட்கவில்லை. முப்பத்தொரு வருஷம் ஆயிற்று. பெட்ரோல் பங்க்கில் ஒன்றுக்குப் போனால்கூட யாராவது ஒருத்தர் காரில் இருந்துவிட்டுத்தான் மற்றவர் போவார்கள். தனியாக ஒரு வண்டிக்குள் ஐந்து நிமிஷம் அவள் இருந்ததில்லை. லைசென்ஸ் எதற்கு, லைசென்ஸ் எதற்கு என்று கேட்கிறார்களே, இதற்குத்தான்.

இரண்டு வண்டி. அவன் கல்லோடு வந்தான். பிலோமினா கண்ணாடியை இறக்கினாள். காலையிலிருந்து அடக்கிவைத்திருந்தது. குன்னூர் வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் அவன் இடப்பக்கம் உட்கார்ந்து வலது கையை ஹேண்ட்பிரேக்மேல் வைத்தபடியே வந்தான், எல்லா வளைவிலும், மடியில் இருக்க வேண்டிய கை. கையை எடு என்றாள், எடுத்தான், அடுத்த வளைவில் திரும்ப வந்து உட்கார்ந்தது. எல் போர்டு மாட்டினால் பக்கத்தில் லைசென்ஸ்காரன் இருக்கணும் என்பது சட்டம், சரி. கை ஹேண்ட்பிரேக்கில் இருக்கணும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

"அல்போன்ஸு, இன்னொரு தடவை அந்தக் கல்லை வச்சே, நான் வண்டியை உன் மேலயே ஏத்திருவேன்."

அவன் கல்லை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். பதினாறு வருஷமாக அவன் டாக்சி டிக்கியில் இருக்கிற கல், டயர் பட்டுப் பட்டு ஒரு பக்கம் வழவழவென்று ஆகிவிட்டது, அவன் சட்டையில் அந்த இடத்தில் மண். புது ஹேண்ட்பிரேக்குதான்க்கா, எனக்குத் தெரியும், சும்மா ஒரு இதுக்குத்தான் என்று முனகினான். என்ன இதுக்கு? எந்த இதுக்கு? அவன் போய்விட்டான், பின்னால் நின்ற வெள்ளைக் காரைத் தாண்டி ரோட்டோரம் போய் நின்றான், கல்லைக் கீழே வைக்கவில்லை. அதைக்கூடப் பார்த்தாயா, கீழே வைத்தால் என்ன? கையில் வைத்துக்கொண்டே நிற்பானாம், ஊர் பார்க்கட்டும் என்று. இவன் வைக்கிற ஒவ்வொரு கல்லும் எனக்குத்தான் என்று எனக்குத் தெரியாதா? டக்கென்று தார்மேல் விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் சொல்கிற மாதிரியே இருக்கும், நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியும், நான் யாரிடமும் சொல்லவில்லை, இந்தா, பெரிய கல்லாகவே வைத்திருக்கிறேன், போதுமா. வாயைத் திறந்து ஒரு நாள் கேட்டுவிட்டால் முடிந்தது. கேட்க மாட்டான். கல் வைப்பான். நல்ல தம்பி. அப்படிப்பட்டவனைத்தான் நெரிக்கத் தோன்றுகிறது. பின்னே என்ன செய்யச் சொல்கிறாய்? பதினொரு வயசு எனக்கு. பஞ்சுமிட்டாய்க்காரன் மணி அடித்துக்கொண்டு கீழே போய்க்கொண்டிருந்தான், அப்பா வந்துவிட்டால் வாங்க விட மாட்டார், இவன் அந்தப் பெரிய கல்லோடு முக்கிக்கொண்டிருந்தான், கண்ணாடியை இறக்கி நான்தான் சொன்னேன், டேய் அந்தச் சின்னதே போதும், வச்சிட்டு ஓடு, ஓடிப் போய் வாங்கிட்டு வா. ஓடினான். பெல்ட் விழும்போது கையில் பஞ்சுமிட்டாய் இருந்தது. நான் சொன்னேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள், அலமாரிக் குமிழ் உள்ளங்கையில் பதிந்து வலித்தது.

கோட்டுக்கு வரச் சொன்னார்கள். ரோட்டில் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு, அதில் முன்சக்கரம் நிற்கணும். நிறுத்தினாள், ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள், எஞ்சினை அணைத்தாள். பிரேக் இன்ஸ்பெக்டர் கையில் அட்டையோடு வந்தார், ஐம்பது வயதிருக்கும், மப்ளரைக் காதோடு சுற்றியிருந்தார். கைக்கம்பியைக் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு அவளைத் தாண்டி, ஓடி வந்து நின்ற அல்போன்ஸிடம் கேட்டார், இவங்க ஓட்டிருவாங்களா? வேறு நாளாக இருந்தால் இதற்கே அவள் ஒரு ஆட்டம் ஆடியிருப்பாள். நான்தான் சார் ஓட்டறேன், என்னைக் கேளுங்க என்று மட்டும் சொன்னாள். அவர் கொஞ்சம் விழித்தார். சரி, பேப்பரைக் கொடுங்க. அவள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள், அவர் வலப்பக்க ஜன்னலில் நின்று பார்த்தார், கம்பியைத் தள்ளினால் என்ன, இழுத்தால் என்ன என்று விசாரித்தார், அவள் செய்து காட்டினாள். அந்த நேரத்தில் அல்போன்ஸ் முன்கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டு இடப்பக்கம் சுற்றிப் போனதும் ஒரு தடவை குனிந்ததும் ஓரக்கண்ணில் தெரிந்தது. நம்பர் போர்டைத் துடைக்கிறான் என்று நினைத்தாள். இன்ஸ்பெக்டர் சுற்றி வந்து இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து, சீட்டைப் பின்னால் தள்ளி, ம், எடுங்க என்றார்.

எடுத்தாள். சாவி, கிளட்ச், முதல் கியர், கம்பியைத் தள்ளிப் பிடித்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, கம்பியை விட்டாள். இறக்கம், தானாக உருளணும். உருளவில்லை. கம்பியைக் கொஞ்சம் இழுத்துக் கிளட்சை விட்டாள், வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு முட்டு முட்டிப் பொத்தென்று இறங்கி அணைந்துபோயிற்று. இன்ஸ்பெக்டர் ஒரு கையால் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். என்னம்மா? ஒன்றுமில்லை சார். ஒன்றுமில்லையா, மூன்று மாசம், பட்டறை, பனி, எல்லாம் போச்சு, கேபிள் சிக்கியிருக்கிறது, பனியில் பிரேக் ஷூ ஒட்டியிருக்கிறது, கபூர் பாய், அய்யோ கபூர் பாய். சாவியைத் திருப்பினாள், திரும்ப விட்டாள், இந்தத் தடவை மெதுவாக, அப்போது கேட்டது அந்தச் சத்தம். ரப்பர் கல்லில் ஏறப் பார்த்துக் கரகரப்பது. முப்பத்தொரு வருஷமாக ஒவ்வொரு நாளும் கேட்ட சத்தம், தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். தள்ளிப் பிடித்தாள். பக்கக் கண்ணாடியில் அல்போன்ஸ் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தான், இரண்டு கையும் காலி. அவனுக்கும் அந்த நிமிஷம்தான் உறைத்தது போலிருக்கிறது, வாய் திறந்தது, ஓடி வர ஆரம்பித்தான். வைத்திருக்கிறான். ஏத்திருவேன் என்று சொல்லியும் வைத்திருக்கிறான், வேண்டுமென்று இல்லை, அது அவளுக்குத் தெரியும், கை தானாகப் போய் வைத்திருக்கும். அதுதான் தாங்க முடியவில்லை. வேண்டுமென்றே வைத்திருந்தால் ஒரு அறையோடு போயிருக்கும்.

இன்ஸ்பெக்டரும் கண்ணாடியில் பார்த்தார், எட்டி இடப்பக்கம் கீழே பார்த்தார், அட, கல்லு என்றார். இருங்கம்மா, அவர் வந்து எடுத்துடட்டும். வந்து எடுப்பான். எடுத்துவிட்டுத் தலையாட்டுவான். நான் போவேன். அப்படியே நாளைக்கும், நாளன்றைக்கும். "வேண்டாம் சார்" என்றாள். குரல் அவளுக்கே கொஞ்சம் அதிகமாகக் கேட்டது. ஹேண்ட்பிரேக்கை ஏழு பல்லும் இழுத்தாள். ரிவர்ஸ். ஏற்றத்தில் பின்னால் போவது, இதை மட்டும் அவள் ஒரு நாளும் பழகியதில்லை, பழக வேண்டியிருந்த இடத்திலெல்லாம் அல்போன்ஸ் இறங்கிக் கல்லை வைத்தான், இவள் அவனை இறங்க விட்டாள், அதையும் சொல்லத்தானே வேண்டும், பின்னால் போகப் பயந்துகொண்டு இறங்க விட்டாள். பின்கண்ணாடியில் மங்கலான சக்கர நாற்காலி, அதற்குப் பின்னால் வெள்ளைக் கார், இடையில் ஒரு வண்டி இடம் இருக்கிறது. இடது கால் கிளட்சை மயிரிழை மயிரிழையாக விட்டது, வலது கை கம்பியை இழுத்தது, எஞ்சின் உறுமியது, இடது கை ஹேண்ட்பிரேக்கின் பொத்தானை அமுக்கி இறக்கியது. ஸ்டியரிங்கை அந்த ஒரு நொடி யாரும் பிடிக்கவில்லை. வண்டி பின்னால் போயிற்று. மரங்கள் தப்பான பக்கம் போயின. கை தானாக முன்னால் தள்ளியது, தள்ளியதும் வண்டி நின்றது. நின்றுவிட்டது. தள்ளினால் நிற்கிற வண்டி. முதல் கியர், குமிழைப் பிடித்து வலது பக்கம் ஒடித்தாள், கல்லைச் சுற்றிக்கொண்டு வண்டி இறங்கியது, ஓடி வந்தவன் கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றதை ஜன்னலில் ஒரு கணம் பார்த்தாள்.

மைதானத்தைச் சுற்றி, ஏற்றத்தில் நிறுத்தி, எடுத்து, இரண்டு கம்பத்துக்கு நடுவில் விட்டு, மற்றதெல்லாம் கையும் காலும் பார்த்துக்கொண்டன, அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. கடைசியில் மேட்டில் நிறுத்தச் சொல்லி இன்ஸ்பெக்டர் அட்டையில் எழுதினார். எழுதிக்கொண்டே கேட்டார்.

"யாரும்மா அந்தக் கல்லு வச்சது?"

"என் தம்பி சார். பதினாறு வருஷமா லைசென்ஸ் இருக்கு அவனுக்கு."

அவர் மப்ளருக்குள் ஏதோ செய்தார், சிரித்திருக்கலாம். ரிவர்ஸ் நான் கேட்கவேயில்லை, நீங்களா காட்டிட்டீங்க என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டார். பாஸ். கார்டு தபாலில் வரும், அதுவரைக்கும் அவரைப் பக்கத்தில் வச்சுக்கிட்டே ஓட்டுங்க, இப்போ வண்டியை அந்தக் கீழ் கேட்டுகிட்டே விட்டுட்டு நில்லுங்க, அடுத்த வண்டி வருது என்று இறங்கிக் கதவைச் சாத்தினார். கதவு சாத்திய சத்தத்துக்கு அப்புறம் ஒன்றும் இல்லை. இடது சீட் காலி. பின்சீட் காலி. மேட்டிலிருந்து கேட்டுக்கு நூறு கெஜம் இருக்கும். கண்ணாடியை ஏற்றினாள். எஞ்சின் சத்தமும் அவள் மூச்சும் மட்டும் இருந்தன, கைக்கம்பியில் சுற்றியிருந்த கம்பளி நூல் கையில் சூடாக இருந்தது, தன் பழைய குல்லாவைப் பிரித்து அவளே சுற்றியது. முதல் கியரிலேயே போனாள். அவ்வளவு மெதுவாக யாரும் அந்த நூறு கெஜத்தை ஓட்டியிருக்க மாட்டார்கள். கேட்டருகே இறக்கத்தில் நிறுத்தி, ஏழு பல், எஞ்சினை அணைத்தாள். வண்டி அசையவில்லை. காத்திருந்தாள். அசையவில்லை.

அல்போன்ஸ் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான், வயிற்றோடு கல். ஜன்னலைத் தட்டினான். அவள் இறக்கினாள். பாஸாக்கா? பாஸ். அவன் முகம் கோணியது, அழுதுவிடுவான் போலிருந்தது, சத்தியமா தெரியலக்கா, எப்ப வச்சேன்னே தெரியலக்கா என்றான். அப்போது அவளுக்கு வாய் வந்துவிட்டது, முப்பத்தொரு வருஷம் வராத வாய்.

"அன்னைக்கு மாதா கோயில்ல, சின்னக் கல்லே போதும்னு சொன்னது நான்தான்டா."

அவன் அவளைப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கி யோசித்தான், உண்மையாகவே யோசித்தான், அவனுக்கு நடிக்கத் தெரியாது.

"நீ சொன்னியாக்கா? எனக்கு அதெல்லாம் ஞாபகமே இல்ல. அப்பா அடிச்சது ஞாபகம் இருக்கு. வண்டில நீ இருந்தது ஞாபகம் இருக்கு."

ஞாபகமே இல்லை! முப்பத்தொரு வருஷம் ஒவ்வொரு கல்லையும் அவள் வாங்கி நெஞ்சில் அடுக்கிக்கொண்டு வந்திருக்கிறாள், இவன் பாட்டுக்கு வண்டி உருளக்கூடாது என்று வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். யார்மேல் கோபப்படுவது இப்போது? அவன்மேல்தான், வேறு யார் இருக்கிறார்கள். தடியா, ஏறு என்றாள். அவன் சுற்றிப் போனான், இடது முன்சக்கரத்துக்கு நேரே வந்ததும் முதுகு தானாக வளைந்தது, அவள் ஹாரனை அமுக்கினாள், நிமிர்ந்தான். ஏறி உட்கார்ந்தான். டிக்கியைத் திறக்கவும் தோன்றவில்லை, கல்லைக் காலடியில் வைக்கவும் தைரியம் வரவில்லை. அவள் எஞ்சினைப் போட்டாள். அவனுடைய வலது கை மெல்ல ஹேண்ட்பிரேக் பக்கம் நகர்ந்து வந்தது, பட்டென்று ஒரு அடி வைத்தாள்.

"கல்லை என்னக்கா பண்ண?"

"மடியில வச்சுக்கோ. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோ. வீடு வர்ற வரைக்கும் அதை விட்டேன்னா பாரு."

பிடித்துக்கொண்டான். குன்னூர் வரைக்கும் ஒரு வளைவில்கூட அவன் கை அதை விட்டு வரவில்லை.